அப்பா இப்போது கேள்வி கேட்பதில்லை

அப்பாவுக்குப் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. கண் அழுத்த நோய். ஓரங்களில் தொடங்கி உள்ளே சுருங்கிக்கொண்டே வந்து ஒருநாள் மொத்தமாக நின்றுபோனது. முப்பது வருடம் ஒரு நாளிதழில் இரவு ஷிப்ட் புரூஃப் ரீடராக இருந்தவர். நடுவில் கடுகளவு பார்வை மிச்சமிருந்த காலத்திலும் தலைப்புச் செய்தியில் ஒற்று விடுபட்டதைக் கண்டுபிடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தவர். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஆனால் டிவி முன்னால் உட்காருவதை அவர் விடவில்லை. இரவு எட்டரைக்கு அவருடைய நாற்காலி, என்னுடைய துணிக்கூடை, எதிரே டிவி. நான் துணி மடித்தபடி பார்ப்பேன், அவர் கேட்பார். ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இப்ப என்னம்மா நடக்குது?" என்பார்.

"ஒண்ணும் இல்லப்பா, அவ ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு நிக்கறா."

"முகம் எப்படி இருக்கு?"

"அழற மாதிரி இருக்கு. ஆனா அழல."

இப்படி ஓடும். சில நாள் எரிச்சலாகவும் இருக்கும், ஒரு காட்சியை வாயால் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும் என்பதால்.

கொஞ்ச நாளாக அவர் கேட்பதில்லை. வயதாகிறது, ஆர்வம் குறைந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு புதுத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: "இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல போலிருக்கே. எல்லாத்தையும் அவங்களே சொல்லிடறாங்க."

கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டுக் கவனித்தேன். கதாநாயகி அலமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுக்கிறாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் சத்தமாக, "இந்தக் கடிதத்தை இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட மறைச்சு வெச்சாரு?" என்கிறாள். அடுத்த காட்சியில் தம்பிக்கு போன் போட்டு அதையே சொல்கிறாள். அதற்கடுத்த காட்சியில் தம்பி தன் மனைவியிடம் சொல்கிறான். பார்வையில்லாதவருக்கு வசதிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த வசனங்கள் அப்பாவை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. கண் நன்றாக இருந்தும் திரையைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருக்கும் என்னை நினைத்து எழுதப்பட்டவை.

இது என் ஊகம் இல்லை. 2024 கடைசியில் ஓர் அமெரிக்க இதழில் வந்த நீண்ட கட்டுரையில், நெட்ஃபிளிக்ஸுக்கு எழுதிய திரைக்கதையாளர்கள் சிலர் இதைச் சொல்லியிருந்தார்கள். பாத்திரம் தான் என்ன செய்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லட்டும், பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பவர்களுக்கும் கதை புரியட்டும் என்று மேலிடத்திலிருந்து குறிப்பு வருவது சகஜமாம். நியாயமாகப் பார்த்தால் இது முழுக்கப் புதிதும் இல்லை. 1930-களில் அமெரிக்க வானொலியில் சோப்புக் கம்பெனிகள் காசு போட்டு நடத்திய பகல்நேர நாடகங்களுக்கு 'சோப் ஒபரா' என்று பெயர் வந்ததே அதனால்தான். வீட்டு வேலைக்கு நடுவே காதில் விழுவதற்காகவே எழுதப்பட்டவை அவை. ஆனால் அவற்றில் முகமே கிடையாது, குரல் மட்டும்தான். கோடிக்கணக்கில் செலவழித்து, ஒளிப்பதிவாளரும் விளக்குகளும் நடிக்கத் தெரிந்த ஒரு முகமும் இருக்கும்போது, அந்த முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று முடிவுகட்டி எழுதுவதுதான் புதிது.

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், தொடர்களுக்கு வசனம் எழுதுபவள். அப்பா சொன்னதை அவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவள் எழுதிய ஒரு காட்சியைச் சொன்னாள். கணவன் இறந்து ஒரு மாதம் ஆன பெண், காலையில் எழுந்து சமையலறைக்குப் போகிறாள். இரண்டு கப் எடுத்து வைக்கிறாள். கொஞ்ச நேரம் பார்க்கிறாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. திரும்பி வந்த குறிப்பு: 'புரியாது. சொல்ல வையுங்கள்.' இவள் மன்றாடிப் பார்த்தாள், நடக்கவில்லை. ஒளிபரப்பானபோது அந்தப் பெண் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவர் இன்னும் இருக்கற மாதிரியே நினைச்சு ரெண்டு கப் எடுத்துட்டேனே" என்று சொன்னாள். பின்னால் வயலின் வேறு.

"யாருடி அப்படி முட்டாள்தனமா குறிப்பு எழுதறது?" என்று கேட்டேன்.

"ஏன் அவங்களைத் திட்டறே? நீதானே துணி மடிச்சுக்கிட்டே பாக்கறே. உனக்காகத்தான் அந்த வசனம்" என்றாள்.

பதில் சொல்ல முடியவில்லை.

* * *

டிவியும் சினிமாவும் கெட்டுப்போய்விட்டன என்று பேச்சு எடுத்தால் எங்கள் குடும்பத்தில் இந்தக் கப் விஷயமெல்லாம் வராது. முத்தம், உடை, கெட்ட வார்த்தை, இந்த மூன்றும்தான் வரும். 'அந்தக் காலத்தில் எவ்வளவு சுத்தமாக இருந்தது' என்று தொடங்கி ஒரு மணி நேரம் போகும். எனக்கு இந்தப் புலம்பலில் ஒட்டவே முடிவதில்லை. அந்தக் காலம் எது என்று தேடிப் போனால் அது கையில் சிக்காது.

1896-ல் எடிசன் கம்பெனி எடுத்த ஒரு படம், ஒரு நடிகரும் நடிகையும் முத்தமிட்டுக்கொள்வது. இருபது வினாடிகூட இல்லை. அதற்கே அன்று கண்டனம் எழுந்தது. அதே கம்பெனி 1903 ஜனவரியில் வேறொரு படம் எடுத்தது. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் டாப்ஸி என்ற பெண் யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள், அதைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிடச் சொச்சம். யானை நடந்து வருகிறது, நிற்கிறது, காலடியிலிருந்து புகை கிளம்புகிறது, அப்படியே சரிகிறது. நாணயம் போட்டுப் பார்க்கும் பெட்டிகளுக்குள் இதை ஓடவிட்டார்கள். இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. நான் ஒருமுறை பார்த்தேன், இரண்டாம் முறை பார்க்க மாட்டேன். சினிமா பிறந்து பத்து வருடம் ஆவதற்குள் இது. சுத்தமான அந்தக் காலம் இதற்கு முன்பா, பின்பா?

பின்பு என்றால் 1915-ல் வந்த அமெரிக்காவின் முதல் பிரம்மாண்டப் படங்களில் ஒன்று, கறுப்பின மக்களை மிருகங்களாகக் காட்டி, முகமூடி போட்டுக்கொண்டு அவர்களைக் கொன்றவர்களை மீட்பர்களாகக் காட்டியது. செத்துப்போயிருந்த அந்தக் கொலைகாரக் கூட்டம் அதே வருடம் மீண்டும் உயிர்பெற்றது.

சரி, கட்டுப்பாடு இருந்த காலம்? ஹாலிவுட்டில் 1930-ல் ஓர் ஒழுக்க விதித் தொகுப்பு எழுதப்பட்டது, 1934-லிருந்து கறாராக அமல்படுத்தப்பட்டது, 1968-ல் கைவிடப்பட்டது. அதன் நிழலில் திரையில் கல்யாணமான தம்பதிகளுக்கே தனித்தனிக் கட்டில்தான். தொலைக்காட்சியும் அதே வழியில் போனது. 1952-ல் அங்கே மிகப் பிரபலமான நகைச்சுவைத் தொடரின் நாயகி நிஜமாகவே கர்ப்பமானார், அதைக் கதையிலும் சேர்த்தார்கள், ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை உச்சரிக்கச் சேனல் விடவில்லை. அதே விதித் தொகுப்பில் இன்னொரு வரியும் உண்டு: வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைக் காட்டக் கூடாது. ஒழுக்கத்தின் காவலர்கள் எழுதியது இது. குற்றவாளி கடைசியில் தண்டிக்கப்பட வேண்டும் என்று பக்கத்திலேயே இன்னொரு விதி. முதலில் சொன்ன அந்த வரியை எழுதியவர்களுக்கு யார் தண்டனை கொடுத்தது என்று தெரியவில்லை.

தரத்துக்கும் இதே கதைதான். 1961 மே மாதம், அமெரிக்க ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, டிவி முதலாளிகள் கூடிய மாநாட்டில் போய் நின்றுகொண்டு, உங்கள் நிலையத்தை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள், 'பரந்த பாழ்நிலம்' ஒன்றைத்தான் பார்ப்பீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். டிவி கெட்டுவிட்டது என்ற புலம்பலுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது என்று அர்த்தம். (அந்தக் கோபத்தில் ஒரு தயாரிப்பாளர் தன் நகைச்சுவைத் தொடரில் தரைதட்டி உடையும் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார். பழிவாங்குவதில்கூட அன்று கொஞ்சம் கற்பனை இருந்திருக்கிறது.) பழையதில் நல்லது மட்டும் நினைவில் தங்குகிறது. அப்பாவின் இளமையில் வந்த நூறு மோசமான படங்களின் பெயர் அப்பாவுக்கே ஞாபகம் இல்லை.

ஆகவே 'அந்தக் காலம்' என்ற வாதத்தை நான் எடுக்கப்போவதில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று எனக்கும் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. எது என்று அக்கா மகன் சொல்லித்தான் தெரிந்தது.

அவனுக்கு ஒன்பது வயது. லீவுக்கு வந்திருந்தான். சூப்பர் ஹீரோ படம் ஒன்று. வானத்தில் இருவர் அடித்துக்கொள்கிறார்கள், ஒருவன் இன்னொருவனைத் தூக்கி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் எறிகிறான், கட்டடம் மடங்கி உட்காருகிறது. தூசி. தூசியிலிருந்து நாயகன் எழுந்து வந்து ஒரு ஜோக் அடிக்கிறான். பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"டேய், அந்தக் கட்டடத்துல யார்டா இருந்தாங்க?"

"எதுல?"

"இப்ப விழுந்துச்சே."

"யாரும் இல்ல சித்தி" என்றான். பிறகு, நான் நம்பவில்லை என்று பார்த்துவிட்டுச் சமாதானமாக, "இருந்தாலும் அவங்கல்லாம் எக்ஸ்ட்ரா சித்தி."

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அந்தப் படம் குழந்தைகள் பார்க்கலாம் என்று சான்று பெற்றது. முத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எங்கள் குடும்பத்தின் மூன்று சோதனைகளிலும் சுலபமாகத் தேறிவிடும்.

இந்தச் சான்றுகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1984 கோடையில் பெற்றோரின் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்று வந்த ஒரு சாகசப் படத்தில், ஒருவன் உயிரோடு இருக்கும் மனிதனின் மார்புக்குள் கைவிட்டு இதயத்தைப் பிடுங்கி எடுக்கிறான். அரங்கில் குழந்தைகள் அலறினார்கள், பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். படத்தை எடுத்தவரே நடுவில் ஒரு படி வைக்கலாமே என்று யோசனை சொல்ல, அந்த வருடமே 'பிஜி-13' என்ற சான்று வந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கவனமாக இருக்கவும் என்று பொருள். நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் வியாபாரத்துக்கு அது ஒரு வாசலாகிவிட்டது. குழந்தைகளையும் உள்ளே விடலாம், பெரியவர்களுக்குத் தேவையான அடிதடியும் இருக்கலாம். 2013-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, 1985-க்குப் பிறகு இந்தச் சான்று பெற்ற வெற்றிப் படங்களில் துப்பாக்கி வன்முறை மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது, 2012-ல் பெரியவர்களுக்கான படங்களையே தாண்டிவிட்டது என்றது.

தாண்ட முடிந்தது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நடைமுறையில் சான்று ஏறுவது காயத்தை எவ்வளவு நிஜமாகக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான். ரத்தம் பீறிட்டால், வலியில் ஒருவன் துடித்தால், அது பெரியவர்களுக்கு. ஐம்பது பேர் சத்தமில்லாமல் சுருண்டு விழுந்து, கேமரா அடுத்த ஆளுக்குப் போய்விட்டால், அது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. ரத்தத்தின் நிறத்தைப் பச்சையாகவோ கறுப்பாகவோ மாற்றித் தப்பிப்பதும் உண்டு. அதாவது கொலையை வைத்துக்கொண்டு, கொலையால் ஆவது என்ன என்பதை மட்டும் வெட்டி எடுத்தால் சான்று எளிதாகிறது. அடி இருக்கலாம், வலி இருக்கக் கூடாது. மேலே சொன்ன யானைப் படத்தை எடுத்தவர்கள் கொடூரமானவர்கள், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்க்கும் எவரும் அங்கே ஓர் உயிர் போகவில்லை என்று நினைக்க முடியாது. அந்தக் கட்டடத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று என் அக்கா மகன் நினைக்கிறான்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைச் சோதனையைப் பலரும் படித்திருப்பார்கள். 1961-ல், ஒரு பெரியவர் ரப்பர் பொம்மையைப் போட்டு அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அடித்தார்கள். (அது அடித்து விளையாடுவதற்கென்றே செய்த பொம்மைதானே என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு, அது இருக்கட்டும்.) அவ்வளவாகப் பேசப்படாதது 1965-ல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனை. அடித்தவருக்குக் கடைசியில் பாராட்டு கிடைப்பதாக ஒரு படம், திட்டு விழுவதாக ஒரு படம், ஒன்றுமே நடக்காததாக ஒரு படம். திட்டு விழுந்ததைப் பார்த்த குழந்தைகள் குறைவாக அடித்தார்கள். ஒன்றுமே நடக்காததைப் பார்த்தவர்கள், பாராட்டைப் பார்த்தவர்களைப் போலவே அடித்தார்கள். எதுவும் நடக்கவில்லை என்பதையே குழந்தை அனுமதியாக எடுத்துக்கொள்கிறது.

பெரியவர்களும் அப்படித்தானோ என்று நினைக்க வைத்த ஒரு சம்பவம் உண்டு. '24' என்ற அமெரிக்கத் தொடரில் நாயகன் தீவிரவாதிகளைச் சித்திரவதை செய்து உண்மையை வரவழைப்பான். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், அவன் செய்வான், எதிராளி சில நிமிடத்தில் சொல்லிவிடுவான், ஊர் பிழைக்கும். 2006 நவம்பரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் டீன், பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபினெகன், அந்தத் தொடரை எடுக்கிறவர்களை நேரில் பார்க்கப் போனார். சீருடையும் பதக்கங்களுமாக வந்து நின்றவரை நடிகர் என்று நினைத்து, உங்களுக்கு ஷாட் எத்தனை மணிக்கு என்று கேட்டார்களாம். அவர் கேட்க வந்தது வேறு. போர்ச் சட்டம் படிக்கும் மாணவர்கள், சித்திரவதை தவறென்றால் அந்தத் தொடரில் ஏன் பலிக்கிறது என்று அவரிடமே வாதாடுகிறார்கள். சித்திரவதை பலிக்காமல் போகிற மாதிரி, திருப்பி அடிக்கிற மாதிரி ஒரு கதை எடுங்களேன் என்பதுதான் அவர் கோரிக்கை. வன்முறையைக் காட்டாதே என்று அந்த ராணுவக்காரர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதைக் காட்டு என்றார்.

* * *

அதற்குப் பிறகு. என் புகார் மொத்தமும் இந்த இரண்டு சொல்லுக்குள்தான் இருக்கிறது. கப்பைத் திரும்ப வைத்த பெண்ணின் காட்சி அந்த மரணத்துக்குப் 'பிறகு'. அதற்கு நேரம் வேண்டும், பார்க்கிற கண் வேண்டும். இரண்டுமே இன்றைய கணக்கில் நஷ்டம்.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் நிகழ்ச்சிகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும்போது முதலில் 70 சதவீதமாவது பார்த்தவர்களை எண்ணியது. 2020 ஜனவரியில் அதை மாற்றி, இரண்டு நிமிடம் பார்த்தாலே பார்த்ததாக எண்ணியது. பிறகு அந்த அளவுகோலும் மாறியது, பார்த்த மணிநேரங்களை எண்ணத் தொடங்கினார்கள். ஆனால் எந்த அளவுகோலிலும் ஒரு விஷயம் வராது: நான் பார்த்தேனா, ஓடவிட்டேனா என்பது. 2017-ல் அந்தக் கம்பெனித் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், எங்கள் போட்டி தூக்கத்தோடு என்றார். அதை ஒரு ஜோக்காகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தூக்கத்தோடு போட்டி போடுகிற ஒருவருக்கு நான் ரசிக்க வேண்டும் என்பதில்லை, எழுந்து போகாமல் இருந்தால் போதும். ஒரு பாகம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே மூலையில் எண்கள் குறைகின்றன, அடுத்த பாகம் தானாக வந்துவிடுகிறது. துக்கமான முடிவாக இருந்தால் அதை ஒரு மூச்சு இழுத்து உள்ளே வாங்கக்கூட இடமில்லை. எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதும் துணிகளுக்கு அடியில் மாட்டியிருக்கும், நான் தேடி எடுப்பதற்குள் அடுத்த கொலை நடந்துவிடும்.

இங்கே என் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பது எனக்கே தெரிகிறது. கேமரா வலியோடு தங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ரியாலிட்டி ஷோக்களில் கேமரா அழுகிற முகத்தை விட்டு நகருவதே இல்லையே. பிரிட்டனில் 2005-லிருந்து ஓடிய ஒரு பகல்நேர நிகழ்ச்சியில் சாதாரண மனிதர்களைக் கூட்டிவந்து, பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்து, பார்வையாளர் கூச்சல் போட முடிவை அறிவிப்பார்கள். அந்தக் கருவியை அவ்வளவு நம்ப முடியாது என்பது பழைய செய்தி. 2019 மே மாதம், அந்தச் சோதனையில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அதுவரை பதினான்கு வருடம் அது நன்றாகத்தான் ஓடியது, கேமராவும் பக்கத்திலேயேதான் இருந்தது. பார்த்துக்கொண்டிருப்பது வேறு, உடனிருப்பது வேறு போலிருக்கிறது. இதற்கு மேல் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தோழியிடம் ஒருநாள் கேட்டேன், அப்போ நான் என்னதான் செய்யட்டும் என்று. "துணியை அப்புறம் மடி" என்றாள்.

* * *

போன வாரம் மடிக்கவில்லை. கல்லூரியில் ஃபிலிம் சொசைட்டியில் பார்த்த ஒரு படத்தைத் தேடிப் போட்டேன். ஃபிரிட்ஸ் லாங் 1931-ல் எடுத்த 'எம்', ஜெர்மன் படம், அவருடைய முதல் பேசும்படம். ஒரு நகரத்தில் குழந்தைகளைக் கொல்கிற ஒருவனைப் பற்றியது. அப்பாவுக்கு இது சரிவருமா என்று யோசனையாகத்தான் இருந்தது, சப்டைட்டிலை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு தாய் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். கடிகாரத்தில் குயில் கூவுகிறது, மதியம். பள்ளி விட்டுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் ஒரு தட்டு வைக்கிறாள். வெளியே அவள் மகள் பந்தைத் தூணில் அடித்து விளையாடிக்கொண்டு வருகிறாள். தூணில் கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதன் மேல் ஓர் ஆளின் நிழல் விழுகிறது.

"யார் விசில் அடிக்கறது?" என்று அப்பா கேட்டார்.

"அவன்தாம்ப்பா. பலூன் வாங்கித் தரான் அந்தப் பொண்ணுக்கு."

"யார்கிட்ட வாங்கறான்?"

"பலூன் விக்கறவர்கிட்ட. அவருக்குக் கண் தெரியாது."

அப்பா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். "அப்போ விசில் ஞாபகம் இருக்கும் அந்த பலூன்காரனுக்கு" என்றார். படத்தில் பின்னால் அதுதான் நடக்கிறது. நான் சொல்லவில்லை.

வீட்டில் தாய் காத்திருக்கிறாள். மாடிப்படியில் மற்றக் குழந்தைகள் ஏறிப் போகின்றன. கதவு தட்டும் சத்தம், ஓடிப்போய்த் திறக்கிறாள். தொடர்கதையின் புதுப் பகுதியைக் கொண்டுவந்த ஆள், அருமையான பகுதி, விறுவிறுப்பு என்கிறான். அப்பா சிரித்தார். பிறகு அந்தத் தாய் ஜன்னலைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். "எல்சி!" அதற்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை.

"யாரும் பதில் சொல்லலையா?"

"இல்லப்பா."

"இப்ப என்னம்மா நடக்குது?"

எத்தனை மாதம் ஆகியிருந்தது அந்தக் கேள்வியைக் கேட்டு. "மாடிப்படி தெரியுது. ஆள் இல்ல. இப்ப மாடி, துணி காயுது. அங்கயும் ஆள் இல்ல."

"அப்புறம்?"

"மேசை. தட்டு வெச்சது வெச்ச மாதிரியே இருக்கு. நாற்காலி காலி."

குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"புதர்லேர்ந்து பந்து உருண்டு வருதுப்பா. நின்னுடுச்சு. இப்ப பலூன். தந்திக் கம்பியில மாட்டிக்கிட்டு ஆடுது. போயிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அடுத்த கணம் பேப்பர் விற்கிறவர்கள் சிறப்புப் பதிப்பு என்று கத்தும் சத்தம். அப்பா கையைத் தூக்கினார், நான் நிறுத்தினேன். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார். துணிக்கூடை அப்படியே இருந்தது.

மறுநாள் காலை முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், "அந்த அம்மாகிட்ட யார் போய்ச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அதைக் காட்டலப்பா. நேரா பேப்பர்காரங்க கத்தறதுதான்."

துண்டால் காதோரத்தைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

"அப்போ ராத்திரி ஷிப்ட்ல எவனோ ஒருத்தன் அதை புரூஃப் பாத்திருப்பான்" என்றார். "பேர்ல எழுத்துப் பிழை இல்லன்னதும் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பான்."